கோடையில் உல்லாஸ் ஆற்றில் ஓடும் நீர் யாருடையது?

மதுரையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரைச் சென்ற மே மாதம் டோம்பிவிலி மேற்கில் உள்ள ரேதிபந்தர் கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கோடைகால வைகையைப் பார்த்து வளர்ந்தவர் அவர். கரை தொட்டுக் கிடந்த நீரைக் கண்டு, ‘மழை ஓய்ந்து ஏழு மாதம் ஆகிறது, இவ்வளவு நீர் எப்படி?’ என்று கேட்டார். ‘இது ஓதம், கடல் ஏறி வந்திருக்கிறது’ என்றேன். அவர் விடவில்லை. ‘அப்படியானால் உங்கள் வீட்டுக் குழாயில் வருவது எது?’ என்றார். அது மேலே, மோகிலி போன்ற இடங்களில், ஓதம் எட்டாத பகுதியில் ஆற்றிலிருந்து எடுக்கப்படுவது என்று விளக்கினேன். ‘அங்கே மட்டும் மே மாதத்தில் ஆறு எப்படி ஓடுகிறது?’ என்பது அவருடைய மூன்றாவது கேள்வி. அதற்கு அன்று என்னிடம் ஒழுங்கான விடை இல்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நீரைக் குடித்து வருகிறவன் நான். இப்பதிவு அக்கேள்விக்கு நான் காலந்தாழ்த்தித் தரும் விடை.

முதலில் ஆற்றின் போக்கைச் சொல்லிவிடுகிறேன். உல்லாஸ் ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையில், லோணாவளாவுக்கு அருகிலுள்ள ராஜ்மாச்சிக் குன்றுகளையொட்டித் தோன்றுகிறது. கர்ஜத், நேரள், வாங்கணி, பத்லாப்பூர் ஆகிய ஊர்களைத் தொட்டுக் கல்யாணை அடைகிறது. மும்பையிலிருந்து கர்ஜத் செல்லும் மின்தொடர்வண்டியில் பயணம் செய்தவர்கள் இவ்வாற்றை நெடுந்தொலைவுக்குப் பக்கத்திலேயே பார்த்திருப்பார்கள். கல்யாணுக்குக் கீழே அது கழிமுகமாக அகன்று, டோம்பிவிலி, தாணே ஆகியவற்றைக் கடந்து, வசாய் அருகே அரபிக்கடலில் கலக்கிறது. பேஜ், பார்வி, பாத்சா, காளு ஆகியன இதன் முக்கியமான துணையாறுகள். இவற்றுள் பாத்சாவின் மேல் கட்டப்பட்ட அணைதான் மும்பை மாநகராட்சியின் குடிநீரில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. ஆகவே மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இருக்கும் நம்மவர்களும் இவ்வாற்றுப் படுகைக்கு அயலார் அல்லர்.

இனி நீரோட்டம். மலைவிளிம்பில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்து தீர்ந்துவிடும். அடியில் இருப்பது தக்காணத்தின் எரிமலைப்பாறை. அது மணற்படுகையைப் போல் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளிவிடும் இயல்புடையதன்று. மலையும் செங்குத்து; கடலும் பக்கம். எனவே கொங்கணத்து ஆறுகள் ஜூலையில் கரைபுரளும். மார்ச்சில் பாறைகளுக்கிடையே குட்டைகளாகச் சுருங்கும். இதுவே இயற்கை அவற்றுக்கு வகுத்த ஒழுங்கு. உல்லாஸ் மட்டும் மே மாதத்திலும் ஓடுகிறது என்றால், அதற்கான காரணத்தை மழையில் தேடிப் பயனில்லை. வரலாற்றில்தான் தேட வேண்டும்.

பழைய வரலாறு இவ்வாற்றைப் பற்றிப் பேசாமல் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற்பயண விளக்கம்’ என்னும் கிரேக்க நூல் முசிறியைச் சொல்வது போலவே கல்யாணையும் ‘கல்லியேனா’ என்று குறிப்பிடுகிறது. அங்கு வரும் கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பரூகச்சத்துக்குக் கொண்டுசெல்லப்படும் நிலை இருந்ததையும் பதிவு செய்கிறது. கன்ஹேரிக் குகைக் கல்வெட்டுகளில் கல்யாணைச் சேர்ந்த கொடையாளிகள் வருகிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் பயணியும் இத்துறைமுகத்தைச் சொல்கிறார். உல்லாஸில் சேரும் வால்துனி என்ற சிற்றாற்றின் கரையில், சிலாஹார மன்னர் காலத்துச் சிவன் கோயில் அம்பர்நாத்தில் இன்றும் நிற்கிறது. அதன் கல்வெட்டு சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060ஐச் சேர்ந்தது.

ஆனால் இச்சான்றுகள் எதுவும் கோடைகால நீரோட்டத்தைப் பற்றியவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். துறைமுகமாகிய கல்யாண் வாழ்ந்தது ஓதத்தால். கப்பலை உள்ளே கொண்டுவந்தது கடல். மலையிலிருந்து இறங்கும் நீரன்று. மராத்தி மொழி இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காக்கிறது. மலையிலிருந்து வருவது ‘நதீ’. ஓதம் ஏறும் பகுதி ‘காடீ’. டோம்பிவிலித் தமிழரும் ரேதிபந்தருக்குப் போனால் ‘காடிக்குப் போனோம்’ என்கிறார்களே அன்றி ‘ஆற்றுக்குப் போனோம்’ என்பதில்லை. தமிழில் அதற்கு ‘கழி’ என்ற நல்ல சொல் இருந்தும், புழக்கத்தில் மராத்திச் சொல்லே நிலைத்துவிட்டது. ஒரே நீர்வழிக்கு இரண்டு பெயர். இரண்டும் இரண்டு வெவ்வேறு வரத்துகளைக் குறிக்கின்றன. அன்றைய கல்யாண் காடியால் பிழைத்தது. இன்றைய கல்யாணும் டோம்பிவிலியும் பிழைப்பது நதீயால். இந்த மாற்றத்தின் திருப்புமுனை 1922ஆம் ஆண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயின் பஞ்சாலைகள் நிலக்கரியால் இயங்கின. மலைவிளிம்பில் கொட்டும் மழையைத் தேக்கி மின்சாரமாக்கும் எண்ணத்தை ஜம்ஷெட்ஜி டாட்டா கொண்டிருந்தார். 1904இல் அவர் மறைந்த பின், 1910இல் டாட்டா நீர்மின் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1915இல் கோப்போலி நிலையம் இயங்கலாயிற்று. தொடர்ந்து டோகர்வாடியில் ஆந்த்ரா என்னும் ஆற்றின் குறுக்கே அணை எழுந்தது. 1922இல் பிவ்புரி மின்நிலையம் தொடங்கிற்று. மூன்றாவதாக முளா ஆற்றின் மேல் முள்ஷி அணையும், பிரா மின்நிலையமும் வந்தன.

பொறியியல் அளவில் இவை மூன்றும் ஒரே உத்தியைக் கையாள்பவை. மலைவிளிம்புக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் பிறக்கும் சிற்றாறுகள் இயல்பாகக் கிழக்கு நோக்கி ஓடுபவை. அவற்றை மேலேயே தேக்கி, மலையைக் குடைந்து, நீரை மேற்கே திருப்பிக் குழாய்களின் வழியே கீழிறக்கினால், ஏறத்தாழ 500 மீட்டர் வீழ்ச்சி கிடைக்கிறது. அந்த வீழ்ச்சியின் விசை சுழலிகளைச் சுற்றுகிறது. வேலை முடிந்த நீர் மீண்டும் மேலேற இயலாது. மேற்கு அடிவாரத்து ஆறுகளில் விடப்படுகிறது. கோப்போலியின் நீர் பாதாளகங்கைக்கும், பிராவின் நீர் குண்டலிகாவுக்கும் போகின்றன. பிவ்புரியின் நீர் பேஜ் ஆற்றின் வழியே உல்லாஸில் சேர்கிறது.

மின்சாரம் எடுத்தவர்களுக்கு இது கழிநீர். கீழே இருந்தவர்களுக்கு இது புதிய ஆறு. கர்ஜத் வட்டத்தில் ராஜ்நாலாக் கால்வாய் வழியாக இந்நீரைக் கொண்டு கோடை நெல் விளைகிறது. மழைநெல் ஒன்றையே நம்பியிருந்த ஒரு நிலப்பகுதியில் இரண்டாம் போகம் தோன்றியது, பம்பாய் ஆலைகளின் மின்தேவையின் உடன்விளைவு. அக்கால்வாய்க்கும் கீழே, ஆற்றோடு ஆறாகச் சென்ற நீர்தான் பின்னாளில் நகரங்களின் குழாய்களுக்குள் புகுந்தது.

இந்நீர் திருப்பப்படாவிட்டால் எங்கே போயிருக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். ஆந்த்ரா ஆறு இந்திராயணியில் கலக்கிறது. இந்திராயணி துக்காராமின் தேஹுவையும் ஞானேசுவரரின் ஆளந்தியையும் கடந்து பீமாவில் சேர்கிறது. பீமா, பண்டரிபுரத்தைத் தொட்டு, கருநாடகத்தில் கிருஷ்ணையோடு கூடுகிறது. கிருஷ்ணை வங்கக்கடலை அடைகிறது. அதாவது, பண்டரிபுரத்தில் விட்டலனின் காலடியைக் கடந்து மசூலிப்பட்டினம் பக்கம் கடலில் விழவேண்டிய நீரின் ஒரு பகுதி, நூறாண்டுகளாக வசாய்க்கு வந்துகொண்டிருக்கிறது.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. மராத்தியில் அவ்வாறு ‘ஆந்த்ரா’. ஆங்கில ஆவணங்களில் அது தெலுங்கு நாட்டின் பெயரோடு ஒத்த எழுத்துகளில் எழுதப்பட்டது. ‘ஆந்திரா அணையில் நீர் குறைந்ததால் கல்யாண், டோம்பிவிலியில் தண்ணீர் வெட்டு’ என்ற செய்தியைப் படித்துவிட்டு, ‘நமக்கு ஆந்திரத்திலிருந்தா தண்ணீர் வருகிறது?’ என்று வியந்த தமிழ்க் குடும்பங்களை நான் அறிவேன். அவர்கள் எண்ணியது பிழை. ஆயினும் அப்பிழைக்குள் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. அந்நீர் ஆந்திரத்திலிருந்து வரவில்லை. ஆந்திரத்துக்குப் போக வேண்டியிருந்தது.

தமிழருக்கு இவ்வேற்பாட்டை விளக்க நீண்ட உரை தேவையில்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டபோது, மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. டோகர்வாடி அதன் கண்ணாடிப் படிமம். கிழக்கே போன நீர் மேற்கே திருப்பப்பட்டது. அங்கே நோக்கம் பாசனம்; மின்சாரம் பின்னால் வந்தது. இங்கே நோக்கம் மின்சாரம். பாசனமும் குடிநீரும் பின்னால் வந்தன. என் நண்பரின் மதுரையும் என் டோம்பிவிலியும் ஒரே மலைத்தொடரை எதிரெதிர்த் திசைகளில் துளைத்துப் பெற்ற நீரால் வாழும் ஊர்கள்.

உலகில் இதற்கு வேறு சான்றுகளும் உண்டு. மிச்சிகன் ஏரிக்குள் ஓடிக்கொண்டிருந்த சிகாகோ ஆற்றை 1900ஆம் ஆண்டில் கால்வாய் வெட்டி எதிர்த்திசையில், மிசிசிப்பிப் படுகைக்குத் திருப்பினார்கள். நகரத்தின் கழிவு ஏரியின் குடிநீரில் கலவாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. கீழே இருந்த மிசௌரி மாநிலம் வழக்குத் தொடுத்தது. ஏரியிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம் என்ற பூசல் நெடுங்காலம் நீடித்து, 1967இல் வினாடிக்கு 3,200 கன அடி என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரம்பிட்டது. இன்று சிகாகோ ஆற்றின் நீரோட்ட அளவைப் பார்க்கும் ஒருவர் மழையளவை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உல்லாஸுக்கும் அத்தகைய ஒரு தீர்ப்பு உண்டு. கிருஷ்ணை நீரைப் பங்கிட 1969இல் அமைக்கப்பட்ட, நீதிபதி பச்சாவத் தலைமையிலான தீர்ப்பாயத்தின் முடிவு 1976இல் அரசிதழில் வெளியாயிற்று. டாட்டா நீர்மின் திட்டங்களுக்காகப் படுகைக்கு வெளியே திருப்பப்படும் நீர் எந்த ஒரு நீராண்டிலும் 54.5 டி.எம்.சி.க்கும், தொடர்ந்த ஐந்து நீராண்டுகளில் 212 டி.எம்.சி.க்கும் மேற்படக் கூடாது என்று அது வரையறுத்தது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஐந்தாண்டு வரம்பின் சராசரி ஆண்டுக்கு 42.4 டி.எம்.சி. அதை ஆண்டு முழுவதும் சீராகப் பரப்பினால் வினாடிக்கு ஏறத்தாழ 1,340 கன அடி வரும். மூன்று மின்நிலையங்களுக்கும் சேர்த்த கணக்கு இது. பிவ்புரிக்கு உரியது இதில் ஒரு பகுதி. மாணவர்கள் இக்கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். நம் ஊர் ஆற்றின் கோடைகால ஓட்டம், மாநிலங்களுக்கிடையிலான ஓர் ஒப்பேட்டின் வரி என்பது அப்போதுதான் மனத்தில் பதியும்.

அவ்வேட்டில் எழுதப்படாத ஒரு விலையும் இருக்கிறது. முள்ஷி அணைக்காகத் தங்கள் வயல்களும் ஊர்களும் மூழ்கவிருந்ததை எதிர்த்து மாவள்ப் பகுதி உழவர்கள் 1921இல் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். சேனாபதி பாபட் என்று மக்கள் அழைத்த பாண்டுரங்க மகாதேவ் பாபட் அதன் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர். 1924 வரை நீண்ட அப்போராட்டம் தோற்றது, அணை எழுந்தது. அணையால் நிலம் இழப்போர் நடத்திய போராட்டங்களுள் இந்தியாவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்றாக அது கருதப்படுகிறது. முள்ஷியின் நீர் உல்லாஸுக்கு வருவதில்லை. ஆயினும் ஒரே முயற்சியின் மூன்று கிளைகளுள் ஒன்றைத் துய்க்கும் நாம், மற்றொன்றில் நிகழ்ந்ததை அறியாதிருப்பது நேர்மையாகாது.

நீர் வந்த பின் நகரங்கள் வந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கல்யாண் அருகே அமைந்த படைமுகாம்களில், பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்த அகதிகள் குடியேற்றப்பட்டார்கள். 1949இல் அம்முகாம் நகரமாக்கப்பட்டு, பக்கத்து ஆற்றின் பெயரால் உல்லாஸ்நகர் என்றழைக்கப்பட்டது. அதற்கு அடிக்கல் நாட்டியவர் அன்றைய தலைமை ஆளுநர் ராஜாஜி. மகிழ்ச்சியைக் குறிக்கும், நாமும் ‘உல்லாசம்’ என்று வழங்கும் அதே வடசொல்தான் ஆற்றின் பெயர். வீடிழந்தோர் ஊருக்கு அது பெயராயிற்று. அதன்பின் அம்பர்நாத், டோம்பிவிலி, பத்லாப்பூர் ஆகியவற்றில் தொழிற்பேட்டைகள் எழுந்தன. மாதுங்காவிலும் சயானிலும் வாடகைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சொந்தக் கூரை தேடி டோம்பிவிலிக்கு வந்தன; எங்கள் குடும்பமும் அப்படி வந்ததே. தொழிற்பேட்டைகளுக்காகப் பார்வி ஆற்றில் அணை கட்டப்பட்டது. பின்னாளில் அதன் உயரமும் கூட்டப்பட்டது. ஆக, கல்யாணுக்கு மேலே மே மாதத்தில் ஓடும் நீர் பெரும்பாலும் இரண்டு மதகுகளின் கொடை. ஒன்று பார்வி, மற்றொன்று பிவ்புரி.

மதகால் ஓடும் ஆற்றுக்கு மதகின் குணம் வந்துவிடுகிறது. மும்பையின் மின்தேவை உச்சம் தொடும் வேளைகளில் நீர்மின் நிலையங்களை இயக்குவது வழக்கம். சுழலி சுற்றினால் ஆற்றில் நீர்; நின்றால் இல்லை. மேலே அணையின் இருப்புக் குறைந்தால் கீழே குழாய் மூடப்படும். 2016ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் பகுதியில் வாரத்தில் சில நாள்கள் நீர் வராமல் இருந்ததை நான் மறக்கவில்லை. அடுக்குமாடிப் படிக்கட்டுகளில் குடங்கள் வரிசையாக நின்றன. அவ்வாண்டு எங்களுக்குப் பொய்த்தது கொங்கணத்து மழை மட்டும் அன்று. மலைக்கு அப்பால் ஆந்த்ராப் பள்ளத்தாக்கில் பெய்யாத மழையும்தான். அன்று எங்களுள் யாரும் அப்படி எண்ணிப் பார்க்கவில்லை.

மறுமுனையில் வெள்ளம் இருக்கிறது. பத்லாப்பூரில் ஆற்றின் மட்டம் அளக்கப்படுகிறது. அங்கே எச்சரிக்கை மட்டம் 16.5 மீட்டர், அபாய மட்டம் 17.5 மீட்டர். 2019 ஜூலை 26 இரவு மும்பையிலிருந்து கோலாப்பூருக்குப் புறப்பட்ட மகாலட்சுமி விரைவுவண்டி, பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே உல்லாஸ் வெள்ளத்தால் சூழப்பட்டு நின்றது. மறுநாள் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் பிறரும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை மீட்டார்கள். மனிதன் திருப்பிய நீர் இவ்வாற்றின் கோடையை மாற்றியிருக்கிறது. அதன் மழைக்காலத்தை மாற்றவில்லை. ஜூலையில் உல்லாஸ் இன்றும் பழைய கொங்கணத்து ஆறேதான். பழைய ஆற்றின் வெள்ளப்படுகையில் குடியேறிவிட்டு, புதிய ஆற்றின் கோடைநீரைக் குடிப்பது நம் நிலை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. மேற்கே திருப்பப்படும் டாட்டா அணைகளின் நீரை மீண்டும் கிழக்கே, வறண்ட பீமாப் படுகைக்கே விட வேண்டும் என்ற கோரிக்கை மகாராஷ்டிரத்தில் நெடுங்காலமாக ஒலிக்கிறது. சோலாப்பூர்ப் பக்கத்து உழவரின் நோக்கில் அது முற்றிலும் நியாயமான கோரிக்கை. அவர் கேட்பது தம் ஆற்றின் நீரை. அக்கேள்வி எழும்போது, ‘எங்கள் உல்லாஸ் நீரைப் பறிக்கிறார்கள்’ என்று நம் பக்கத்தில் குரல் எழுவது உறுதி. முல்லைப் பெரியாற்றுப் பூசலில் திருப்பப்பட்ட நீரைப் பெறும் தரப்பிலேயே நின்று பழகியவர்கள் நாம். அங்கே நம் உரிமைக்கு ஒப்பந்தத்தையும் நூறாண்டுப் பழக்கத்தையும் சான்றாகக் காட்டுகிறோம். காவிரியில் நமது நிலை வேறு; அங்கே கடைமடையின் தொன்மையான உரிமையைச் சொல்கிறோம். உல்லாஸ் கரையில் நமக்குப் பயன்படுவது முதல் வாதம். பண்டரிபுரத்தில் இருந்து கேட்பவருக்குப் பயன்படுவது இரண்டாவது. இரண்டையும் நாமே சொல்லி வளர்ந்தவர்கள் என்பதால், மற்றவரைக் காட்டிலும் பொறுமையாக இவ்வழக்கைக் கேட்கும் கடமை நமக்கு உண்டு.

மின்சாரத்துக்கு மாற்று வழிகள் இன்று பெருகிவிட்டன. பிவ்புரியின் நீரை நியாயப்படுத்த 1922இல் போதுமாக இருந்த காரணம் நாளை போதாமற்போகலாம். அன்று நிற்கப்போகும் ஒரே காரணம் கீழே குடிப்பவர்களின் தாகம். தாகத்தைக் காரணமாகக் காட்டுகிறவர்கள், வந்த நீரை எப்படி வைத்திருக்கிறோம் என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். கோடைதோறும் கல்யாணுக்கு மேலே ஆற்றை மூடும் ஆகாயத்தாமரையும், வால்துனியில் நிறம் மாறி ஓடும் கழிவும் நமக்கு ஆதரவான சாட்சிகள் அல்ல. ஆளந்திக்கும் பண்டரிபுரத்துக்கும் போக வேண்டிய நீரை வாங்கி இப்படி ஆக்கினோம் என்பதை எந்தத் தீர்ப்பாயத்தின் முன்னும் சொல்ல முடியாது.

நண்பருக்கு நான் எழுதி அனுப்பிய விடை இதைவிடச் சிறியது. ‘மே மாதத்தில் எங்கள் குழாயில் வருவதில் ஒரு பங்கு பண்டரிபுரத்துக்குப் போகவேண்டிய தண்ணீர், வைகையில் வருவதில் ஒரு பங்கு கேரளத்துக் கடலுக்குப் போகவேண்டியது போல’ என்று எழுதினேன். ‘அப்படியானால் இருவரும் கடன்காரர்கள்தாம்’ என்று பதில் வந்தது.

ஆந்த்ராப் பள்ளத்தாக்கில் மூழ்கிய ஊர்களைப் பற்றிய வாய்மொழிச் செய்திகளோ மராத்தி நாட்டார் பாடல்களோ அறிந்தவர்கள் பின்னூட்டத்தில் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். பிழைகள் இருப்பின் சுட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.